கிளாஸ்கோவில் பிறந்த தகடு

பிறந்து பத்து நாளான பிள்ளையின் மேல்வாய்க்குச் செய்யும் தகடு, பெரியவர் ஒருவரின் இரண்டு கட்டைவிரல் நகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம்தான் வரும். பொய்ப்பல் கட்டுவதற்குப் பாவிக்கும் அதே ரோஸ் நிற அக்ரிலிக். கனம் இரண்டு மூன்று மில்லிமீற்றர். ஈறைக் கீறாதபடி விளிம்பை மழுங்கத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த பிள்ளைக்கு, உதடு தைப்பதற்கு முன்னுள்ள மூன்று நான்கு மாதங்களில், விலகி நிற்கும் தாடைத் துண்டுகளை நேருக்குக் கொண்டுவர இதை வாயில் மாட்டிவைப்பார்கள். முகம் சீராக வளர இது வழிகாட்டும் என்பது தகட்டை உருவாக்கியவர்கள் கொடுத்த வாக்கு.

தகடு செய்ய முதலில் அச்செடுக்க வேண்டும். பிள்ளைக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்க மருந்து கிடையாது. பெரியவர்கள் என்றால் கடற்பாசியிலிருந்து எடுத்த அல்ஜினேட் மாவைத் தண்ணீரில் குழைத்து அச்செடுப்பார்கள். அது பிய்ந்து பிளவுக்குள் சிக்கினால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும் என்ற பயத்தில், கைக்குழந்தைக்குக் கெட்டியான சிலிக்கோனையே பலர் விரும்புகிறார்கள். பிள்ளையைக் குப்புறவோ தலைகீழாகவோ பிடித்துக்கொள்வதும் உண்டு. எச்சிலும் பாலும் தொண்டைக்குப் போகாமல் வெளியே வழியட்டும் என்று. உறிஞ்சுகுழாய் பக்கத்தில் தயாராக இருக்கும். அந்த அறையில் நிற்கிற எல்லோரும் பிள்ளை வீரிட்டு அழவேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள், அழுதால் மூச்சு போய்வருகிறது என்று தெரியும். பெற்றவளுக்கு இதை விளங்கப்படுத்துவது தனி வேலை. சிலிக்கோன் இறுகியதும் வெளியே எடுத்து, அதற்குள் பிளாஸ்டர் ஒஃப் பரிஸைக் கரைத்து ஊற்றினால், சற்று நேரத்தில் பிள்ளையின் மேல்வாய் வெள்ளையாகக் கையில் கிடைக்கும். பிளவின் இடுக்குகளை மெழுகால் நிரப்பி மட்டப்படுத்தி, அதன்மேல் அக்ரிலிக்கைப் படியவைத்தால் தகடு தயார்.

ஆகத் தகட்டுக்கு மூத்தது பிளாஸ்டர் அச்சு. இரண்டும் ஒரே பாதையில் பயணம் செய்யவில்லை. தகடு மேற்கே பிறந்து கிழக்கே வந்தது. அச்சோ ஒரு கட்டத்தில் இலங்கையிலிருந்து லண்டனுக்குப் போனது. தகடு எந்த நம்பிக்கையின்மேல் நின்றதோ, அதை ஆட்டிவைத்ததில் இலங்கை அச்சுகளுக்குப் பங்கு உண்டு.

கருவில் மேலுதடு ஒன்றுசேர்வது நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். அண்ணம் பன்னிரண்டாம் வாரத்துக்குள் மூடிவிடும். வயிற்றில் பிள்ளை என்று பலருக்குத் தெரியவருமுன்பே உதட்டின் கதை முடிந்துவிடுகிறது. கிரகணத்தன்று கத்தியைத் தொட்டாய், வெளியே நின்றாய் என்று தாயின் தலையில் பழியைப் போடுகிற வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு, நமது தோட்டங்களிலும் உண்டு. கிரகணமூளி என்றே அந்தப் பிள்ளைக்குப் பேர் வைத்திருந்தார்கள். உலகக் கணக்கில் சுமார் 700 பிறப்புக்கு ஒன்று. பேராதனையிலிருந்து 1989இல் வெளிவந்த ஆய்வு இலங்கையில் 1,000 உயிர்ப் பிறப்புக்கு 0.83 என்றது. இங்கே கிரகணம் தெரியாத வருஷத்திலும் இதே கணக்குத்தான்.

தகட்டுக்கு முன்பும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டு பக்கமும் உதடு பிளந்த பிள்ளைக்கு நடு எலும்பு மூக்குக்குக் கீழே முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் துணிப்பட்டியால் இறுக்கிக் கட்டி உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு தைக்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் டெஸோ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் செய்துபார்த்தார். சிகாகோவில் ட்ரூமன் பிரோஃபி இன்னும் முரட்டுத்தனமாக இறங்கினார். தாடையின் இரு துண்டுகளிலும் வெள்ளிக்கம்பியை ஊடுருவவிட்டு, முறுக்கி முறுக்கி நெருக்கினார். பிளவு நெருங்கியது உண்மை. எலும்புக்குள் உறங்கிக்கொண்டிருந்த பல் முளைகள் நசுங்கியதும் உண்மை. அந்தப் பிள்ளைகளின் நடுமுகம் வளர்ந்தபோது உள்வாங்கிப் போயிற்று.

1950இல் கிளாஸ்கோவில் கெர் மக்னீல் ஒரு கட்டுரை எழுதினார். பொய்ப்பல், செயற்கை அண்ணம் செய்வது அவர் தொழில். பிளாஸ்டரும் அக்ரிலிக்கும் அவர் கைக்குப் பழகிய சாமான்கள். பிள்ளையின் வாயை அச்செடுத்தார். பிளாஸ்டரைப் பிளவின் வழியே வாளால் அறுத்தார். அறுத்த துண்டுகளைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து மறுபடி ஒட்டினார். இப்போது அவர் கையிலிருப்பது பிள்ளையின் வாய் இருக்கிற மாதிரி அச்சு இல்லை, இருக்கவேண்டிய மாதிரி அச்சு. அதன்மேல் தகடு செய்து பிள்ளையின் வாயில் மாட்டினார். தகடு சரியாகப் பொருந்தாது. அந்தப் பொருந்தாமைதான் மருந்து. பிஞ்சு எலும்பு தகட்டுக்கு இணங்கி மெல்ல நகரும். நகர்ந்ததும் மறுபடி அச்சு, மறுபடி வாள், மறுபடி தகடு.

இதோடு நிறுத்தியிருந்தால் பிற்காலத்துச் சண்டை பாதி குறைந்திருக்கும். தகட்டின் தூண்டுதலால் திசுவே வளரும், அண்ணத்துப் பிளவு தானாகக் குறுகிவரும், சத்திரசிகிச்சையின் தேவைகூடக் குறையலாம் என்று மக்னீல் நம்பினார். பிளந்த வாயில் திசு பற்றாக்குறை; அதை ஊட்டி வளர்க்க வேண்டும்; ஊட்டுவது தகடு. 1954இல் இதைப் புத்தகமாகவும் போட்டார்.

கிளாஸ்கோ என்ற ஊர் இலங்கையின் ஊவா மாகாணத்துக்காரருக்கு ஒன்றும் புதிதில்லை. அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் தோட்டம் வாங்கி, மலையுச்சியில் உட்கார்ந்து பார்த்தார் என்று இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்களே, அந்த தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1890இல் இங்கே வந்தார். ஊவாவின் தேயிலை கிளாஸ்கோவின் கடைகளுக்குப் போய்ச்சேர அதிக காலம் எடுக்கவில்லை. கிளாஸ்கோவின் மருத்துவம் ஊவாவின் லயங்களுக்கு வருவதற்கு அப்படியான அவசரம் யாருக்கும் இருக்கவில்லை.

தகடு முதலில் போன இடம் லிவர்பூல். பல்சீரமைப்பு நிபுணரான பேர்ஸ்டன் 1950களின் கடைசியில் அதைக் கையிலெடுத்து, சத்திரசிகிச்சைக் குழுவோடு சேர்த்து ஒழுங்கான நடைமுறையாக்கினார். அங்கிருந்து ஐரோப்பா எங்கும் பரவியது. சூரிச்சில் மார்கரெட் ஹொட்ஸ் அதன் குணத்தையே மாற்றினார். அவருடைய தகடு தள்ளாது, நெருக்காது. வெளியே கடின அக்ரிலிக், உள்ளே மென்மையான அக்ரிலிக். நாக்கு பிளவுக்குள் நுழைந்து அதை அகட்டாமல் தடுக்கும், அவ்வளவுதான். எலும்பு எந்தப் பக்கம் வளரவேண்டுமோ அந்தப் பக்கத்தில் தகட்டின் உட்புறத்தை வைத்தியர் இடைக்கிடை சுரண்டிவிடுவார். அண்ணத்தின் எலும்புப் பகுதியைச் சுமார் ஐந்து வயதுவரை தைக்காமல் விடுவதும் சூரிச் வழக்கம். மறுபுறம் கனடாவில் ரால்ஃப் லேதம் தகட்டை ஊசியால் எலும்பிலேயே பொருத்தி, திருகாணி வைத்து முடுக்கினார். 1980இல் அது வந்தது. மயாமியில் பேர்போன சத்திரசிகிச்சை நிபுணர் மில்லர்ட் அதைத் தம் முறையோடு சேர்த்துக்கொண்டார். பிரோஃபியின் வெள்ளிக்கம்பி வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். பிற்காலத்தில் அந்த ஊரிலேயே பெர்கோவிட்ஸ் அந்தப் பிள்ளைகளின் அச்சுகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து அளந்து, மேல்முன்பற்கள் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் விழுவது இந்த முறையில் கூடுதல் என்று காட்டினார்.

எதிர்ப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1964இல் சிகாகோவிலிருந்து சாமுவேல் புருஸான்ஸ்கி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே தன் மறுப்பைப் போட்டுவிட்ட கட்டுரை. அவர் கேட்டது எளிய கேள்வி. உதட்டைத் தைத்ததும், ஒன்றுசேர்ந்த தசை இரவும் பகலும் எலும்பின்மேல் அழுத்துகிறது. சில வாரங்களில் துண்டுகள் தாமாகவே கிட்ட வருகின்றன. தைத்த உதடே தகடாக வேலை செய்யும்போது, பிளாஸ்டிக் தகடு எதற்கு? அதற்குத் தகட்டுக்காரர்களிடம் நல்ல படங்கள் இருந்தன, நல்ல அனுபவம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த கணக்கு இருக்கவில்லை. இன்னொரு தொல்லையும் இருந்தது. தகடு போட்ட பிள்ளையும் போடாத பிள்ளையும் வளர்ந்தபோது, இரண்டு பேருக்கும் நடுமுகம் ஒடுங்கியிருப்பதைப் பல இடங்களில் கண்டார்கள். பிளவோடு பிறந்ததால் முகம் அப்படித்தான் வளருமா, அல்லது வைத்தியம் செய்த கைதான் அதை ஒடுக்கிற்றா? வைத்தியமே பார்க்காத ஆட்களைப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். ஐரோப்பாவில் அப்படி ஆட்கள் கிடையாது. அங்கே எல்லாப் பிள்ளைகளையும் சிறுவயதிலேயே தைத்துவிடுவார்கள்.

1980களின் நடுவில் லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையின் பல்சீரமைப்பு நிபுணர் மைக்கல் மார்ஸ் ஒரு குழுவோடு இலங்கையின் காலி நகருக்கு வந்தார். சத்திரசிகிச்சை நிபுணர்கள், பேச்சு சிகிச்சையாளர் டெபி செல், குழந்தை வைத்தியர் அலெக்ஸ் ஹேபெல் போன்றவர்கள் அந்த முயற்சியில் சேர்ந்தவர்கள். இலங்கைப் பிளவுத் திட்டம் என்று அது அறியப்பட்டது. உதடு தைக்காத வாலிபர்கள், அண்ணம் தைக்காத தாய்மார், ஒன்றுமே செய்யாத நடுவயதுக்காரர் என்று நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். தைப்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் போட்டோ, பக்கவாட்டில் தலையின் எக்ஸ்ரே, பேச்சின் ஒலிப்பதிவு, அச்சு. அந்தப் பிளாஸ்டர் வாய்கள் லண்டனுக்குப் போயின.

மார்ஸும் பில் ஹியூஸ்டனும் சேர்ந்து 1990இல் வெளியிட்ட கட்டுரை, 13 வயதுக்கு மேற்பட்ட, ஒருபக்கப் பிளவுள்ள ஆண்களைப் பற்றியது. கத்தியே படாதவர்களின் மேல்தாடை நன்றாக முன்னுக்கு வளர்ந்திருந்தது. உதடு மட்டும் தைத்தவர்களின் தாடையும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. முன்பற்கள் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தன, அவ்வளவே. சிறுவயதில் அண்ணமும் தைத்தவர்களில்தான் மேல்தாடை பின்தங்கிப்போனது. மெக்சிகோவில் ஓர்டிஸ் மொனஸ்டேரியோ 1950களிலேயே இதைப் போல ஒன்றைச் சொல்லியிருந்தார். காலியின் அச்சுகள் அதை அளவோடும் ஒழுங்கோடும் நிறுவின.

பிளவோடு பிறந்த வாய்க்கு வளரும் பலம் இருக்கிறது, பெரும்பாலும் வேண்டிய அளவு இருக்கிறது. தகடு கொடுத்து ஊட்டவேண்டிய பற்றாக்குறை என்று மக்னீல் நினைத்தது அங்கே இல்லை. அண்ணத்தை மூடுவதற்காக எலும்பின்மேலிருக்கும் தோலை உரித்து நடுவுக்கு இழுக்கும்போது, இரு ஓரங்களிலும் எலும்பு வெறுமையாகிறது. அந்த இடம் தழும்பாகி ஆறுகிறது. தழும்பு சுருங்கும், பின்னாலுள்ள எலும்போடு தாடையைப் பிடித்துவைக்கும், பற்களை உள்ளே இழுக்கும். முகம் வேகமாக வளரும் வயதில் தழும்பு விடுவதில்லை. தைக்கிற கையின் மென்மையும் எவ்வளவு எலும்பை வெறுமையாக்குகிறது என்பதுமே பத்து வருஷம் கழித்துப் பிள்ளையின் முகத்தில் தெரிகின்றன.

அப்படியானால் அண்ணத்தைத் தைக்காமலே விடலாமே என்று யாரும் அவசரப்படக் கூடாது. அதே காலி ஆட்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்ட டெபி செல், பமெலா கிரன்வெலோடு சேர்ந்து அதே 1990இல் மறுபக்கத்தை எழுதினார். பதின்ம வயதில் அண்ணம் தைத்தவர்களுக்குப் பேச்சு பெரிதாகத் திருந்தவில்லை. இதைத் தமிழ்க் காதால் கேட்டால் இன்னும் தெளிவாக விளங்கும். வல்லின எழுத்துகளுக்குப் பெரும்பாலும் வாய்க்குள் காற்றை அடைத்து வெடிக்கவைக்க வேண்டும். அண்ணம் திறந்திருந்தால் காற்று மூக்கால் ஓடிவிடும். அப்போது ப என்பது ம ஆகும், த என்பது ந ஆகும், ட என்பது ண ஆகும். நம் இலக்கணக்காரர்கள் இன எழுத்து என்று ஜோடி சேர்த்து வைத்திருப்பதும் இதே ஜோடிகளைத்தான். வாயில் இடம் ஒன்று, மூக்கு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது மட்டும் வித்தியாசம். பிள்ளை "அப்பா" என்று கூப்பிட, கேட்பவருக்கு "அம்மா" என்று விழும். இன்னும் சில பிள்ளைகள் காற்றைத் தொண்டையிலேயே நிறுத்தி வெடிக்கப் பழகிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் ஊறிவிட்டால் பிறகு அண்ணத்தை எவ்வளவு நன்றாக மூடினாலும் நாக்கு பழைய வழியைத்தான் தேடும்.

முகத்துக்குத் தாமதம் நல்லது, பேச்சுக்குத் தாமதம் கெடுதல். இந்த இழுபறியைத் தீர்ப்பதற்குத் தகட்டை நடுவராக வைத்துப் பார்த்தவர்கள் சூரிச்காரர்கள். தகடு இருக்கிறதுதானே, எலும்புப் பகுதியைப் பிறகு தைக்கலாம் என்றார்கள். உலகத்தின் பெரும்பகுதி வேறு பக்கம் சாய்ந்தது: ஒரு வயதுக்குள் அண்ணத்தை மூடு, ஆனால் மென்மையாக மூடு. ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் 558 குழந்தைகளில் நடத்திய சோதனையின் முடிவு 2023இல் வந்தது. உதடு நன்றாயிருந்து அண்ணம் மட்டும் பிளந்த பிள்ளைகளை ஆறு மாதத்தில் தைத்ததையும் 12 மாதத்தில் தைத்ததையும் ஒப்பிட்டார்கள். ஐந்து வயதில் மூக்கால் காற்று ஒழுகும் குறை முதல் கூட்டத்தில் 8.9 சதவீதம், இரண்டாவதில் 15 சதவீதம்.

அச்சுகளுக்கு வருவோம். மார்ஸும் ஒஸ்லோவிலிருந்த நண்பர்களும் 1987இல் ஓர் அளவுகோலை உண்டாக்கினார்கள். கோஸ்லொன் என்பது பேர். கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட், லண்டன், ஒஸ்லோ என்பவற்றின் முதலெழுத்துகள் அதற்குள் இருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளைகளின் பிளாஸ்டர் வாய்களை நீள மேசையில் பரப்பி, யாருடையது எந்த வைத்தியசாலையுடையது என்று தெரியாதபடி இலக்கம் மட்டும் போட்டு, ஐந்து குவியலாகப் பிரிப்பார்கள். முதலாம் குவியலுக்கு வேலையே இல்லை, அல்லது எளிய கம்பி போதும். ஐந்தாம் குவியலிலுள்ள பிள்ளைக்கு வளர்ந்தபின் தாடையை அறுத்து முன்னே கொண்டுவர வேண்டும். நிபுணரின் பேரும் புகழும் இந்த மேசையில் செல்லாது. ஆறு ஐரோப்பிய மையங்களின் அச்சுகளை 1990களின் தொடக்கத்தில் இப்படிப் பரப்பிப் பார்த்தபோது, அதிக வைத்தியம் பார்த்த இடத்தில் நல்ல முடிவு வரவில்லை. தகடே போடாமல், சத்திரசிகிச்சைகளை அனுபவமுள்ள ஒன்றிரண்டு கைகளிலேயே விட்டிருந்த ஒஸ்லோ நன்றாகத் தேறியது. பிறகு எடுத்த ஒரு கணக்கில், ஐரோப்பாவின் 201 குழுக்கள் ஒருபக்கப் பிளவுக்கு 194 விதமான முறைகளைக் கையாண்டார்கள் என்று வந்தது. பாதிக்கு மேற்பட்ட குழுக்கள் தகடு போட்டுக்கொண்டுதான் இருந்தன.

தகட்டின் வழக்கு கடைசியில் நெதர்லாந்தில் தீர்ப்புக்கு வந்தது. நைமேகன், அம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம் மூன்று ஊர்களும் சேர்ந்து 1993 முதல் 1996 வரை 54 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. ஒருபக்கம் முழுதாகப் பிளந்த பிள்ளைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குத் தகடு, பாதிப் பேருக்கு இல்லை. மற்ற வைத்தியம் எல்லாம் ஒன்றே. ஆன் மரி கய்ப்பர்ஸ் யாக்ட்மன், பிர்ட்டே பிரால் ஆண்டர்சன் ஆகியோரும் அவர்களுடைய மாணவர்களும் அந்தப் பிள்ளைகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்தார்கள். பால் குடிப்பதில் வித்தியாசம் இல்லை, எடை கூடுவதில் இல்லை. தாடையின் வடிவத்தில் முதல் வருஷம் சின்ன வித்தியாசம். பிறகு அது கரைந்துபோயிற்று. ஆறு வயதில் பல் வரிசையில் இல்லை, முகத்தில் இல்லை. பேச்சில் ஆரம்பத்தில் ஒரு சிறு நன்மை தெரிந்தது. 54 பிள்ளைகள் சிறிய கூட்டம்தான், ஆனாலும் முகவளர்ச்சிக்கு என்று தகடு போடச் சொல்ல அதற்குப் பிறகு ஆதாரம் எஞ்சவில்லை என்றே நான் வாசிக்கிறேன்.

தகடு ஓய்ந்துபோகவில்லை, வேறு வேலை தேடிக்கொண்டது. ஜப்பானில் மட்சுவோ என்பவர், பிறந்த கையோடு பிள்ளையின் காதுக் குருத்தெலும்பை வளைத்து வடிவம் கொடுக்கலாம் என்று 1980களில் காட்டியிருந்தார். தாயிடமிருந்து வந்த ஹோர்மோன் இரத்தத்தில் இருக்கும் அந்தச் சில வாரங்களுக்குக் குருத்தெலும்பு இளகியிருக்கும். நியூயோர்க்கில் பரி கிரேசனும் கோர்ட் கட்டிங்கும் 1993இல் இதை மூக்குக்குக் கொண்டுவந்தார்கள். தகட்டில் முன்னால் ஒரு பிடி. பிடியில் ரப்பர் வளையம். வளையத்தைக் கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்டர் நாடா இழுத்துப் பிடிக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் அக்ரிலிக்கைத் தேய்த்து எடுத்து, மறுபக்கத்தில் மென்மையானதைச் சேர்ப்பார்கள். ஈறின் இடைவெளி ஐந்தாறு மில்லிமீற்றராகக் குறுகியதும், தகட்டிலிருந்து கம்பி ஒன்று மேலெழுந்து, சப்பையான மூக்குத் துவாரத்தை உள்ளிருந்து தூக்கிப்பிடிக்கும். இந்த முறைதான் இந்தியாவின் பெரிய மையங்களுக்கும் வந்தது. மூக்கின் வடிவத்துக்கு இதில் பயன் உண்டு என்று எழுதும் நிபுணர்கள் நிறையப் பேர், அவர்கள் காட்டும் படங்களில் அது தெரியத்தான் செய்கிறது. தாடை வளர்ச்சியைப் பற்றிய பழைய வாக்கைப் பெரும்பாலும் யாரும் இப்போது திரும்பச் சொல்வதில்லை.

ஒவ்வொரு வாரமும் என்று மேலே எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை ஊவாவின் பசறையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பசறையிலிருந்து பதுளைக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். மடுல்சீமை, லுணுகலை, கோணக்கலை பக்கத்துத் தோட்டத்துக்காரர் பசறைச் சந்திக்கு வந்துசேர்வதே ஒரு பயணம். பிள்ளைக்கு உதடு பிளந்திருக்கிறது என்றால் தோட்டத்து மிட்வைஃப் எழுதிக்கொடுக்கும் துண்டு பசறைக்கு, பசறையிலிருந்து பதுளைக்கு, அங்கிருந்து பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ என்று போகும். வைத்தியம் இலவசம். தாய்க்குப் பிரசவ விடுமுறை 84 நாள் உண்டு. ஆனால் பச்சை உடம்புக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பேராதனைக்குப் போய்வர முடியாது. கூடப் போகிற புருஷனுக்கோ மாமியாருக்கோ அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. 2021இல் ஒரு நாள் பேருக்கு 1,000 ரூபா. 2024இல் அது 1,350 ஆயிற்று. அந்தக் கணக்கில் பன்னிரண்டு வாரம் போய்வந்தால் ஒருவருக்கு மட்டும் 16,200 ரூபா கையைவிட்டுப் போகும். பஸ் காசு, சாப்பாடு, இரவு தங்கவேண்டி வந்தால் அது என்று மேலே ஏறும். தகடு நழுவினால், கன்னத்துத் தோல் புண்ணானால், அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும். கொஞ்சம் சப்பையான மூக்குத் துவாரத்தை உதடு தைக்கும்போதே ஓரளவு தூக்கிவிடக்கூடிய நிபுணரும் இருக்கும்போது, இந்தச் செலவை இந்தக் குடும்பத்தின் தலையில் வைப்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். தகடு கிடைக்காத பசறைப் பிள்ளைக்கு அநியாயம் நடந்துவிட்டதாக யாரும் வருந்தத் தேவையில்லை.

அநியாயம் நடக்கிற இடங்கள் வேறு. முதல் வாரத்துப் பால் அதில் ஒன்று. அண்ணம் பிளந்த பிள்ளையால் உறிஞ்ச முடியாது. உறிஞ்சுவதற்கு வாய் மூடிய அறையாக இருக்கவேண்டும். தகடு போட்டாலும் பால் குடிப்பதில் வித்தியாசம் வராது என்பதை டச்சுக்காரர்கள் அளந்தே காட்டிவிட்டார்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, சங்காலோ கரண்டியாலோ அமுக்கக்கூடிய போத்தலாலோ கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டவேண்டும். அடிக்கடி தோளில் போட்டுக் காற்றை வெளியேற்றவேண்டும். உதடு தைக்கப் பத்துகளின் கணக்கு ஒன்று உலகெங்கும் சொல்லுவார்கள்: பத்து வாரம், பத்து இறாத்தல் எடை, பத்து கிராம் ஹீமோகுளோபின். எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் தோட்டங்களில் கூடுதல் என்பதால், இங்கே சத்திரசிகிச்சைத் திகதியைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் அந்த நடுப் பத்துத்தான். தோட்டத்து மிட்வைஃபுக்கு முதல் நாளே இந்த ஊட்டும் முறை தெரிந்திருந்தால், மாட்டாத தகட்டைவிடப் பெரிய காரியம் நடந்துவிடும். காதும் அப்படி. அண்ணத்துத் தசைதான் காதுக்குள் காற்றை விடுவது. பிளந்த அண்ணம் உள்ள கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் காதுக்குள் நீர் கட்டும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று வீட்டில் அடிப்பார்கள்.

பேச்சுக்கு வந்தால் மலையகத்தின் பங்கு இன்னும் மெலிவு. களனிப் பல்கலைக்கழகத்தில் பேச்சு சிகிச்சைப் பாடநெறி உருவானதில் காலிக்கு வந்த மார்ஸ், செல் ஆகியோருக்கும் பங்கு இருந்தது. தாங்கள் தைத்துவிட்டுப் போன வாய்களுக்குப் பேச்சு கற்றுக்கொடுக்க ஆளில்லை என்பதை அவர்களே கண்டவர்கள். ஆனால் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் நாட்டில் மிகச் சிலர். ப சொல்லிக்கொடுக்கப் பட்டம், பால், அப்பா என்று சொல்லவைக்க ஆள் வேண்டும். சிங்களத்தில் விளங்கப்படுத்திவிட்டுத் துண்டு கொடுத்து அனுப்பினால், லயத்துக்கு வந்ததும் தாய் எதைச் செய்வாள்?

இன்னொரு இடம் பத்து வயதில் இருக்கிறது. அதையே பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். உதடு தைத்து, அண்ணம் தைத்து, பிள்ளை பாடசாலைக்கும் போய்விட்டது. ஆனால் ஈறு எலும்பில் பிளவு அப்படியே இருக்கிறது. பக்கத்திலிருந்து வரவேண்டிய நிரந்தர வேட்டைப்பல்லுக்கு இறங்க எலும்பில்லை. எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில், அந்தப் பல்லின் வேர் பாதிக்கு மேல் வளர்ந்து, பல் இன்னும் வெளிவராத நேரத்தில், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் மச்சையை எடுத்துப் பிளவில் நிரப்பினால், பல் அதற்குள்ளால் தானாக இறங்கி வரும். அமெரிக்காவில் போய்னும் சாண்ட்ஸும் 1972இல் எழுதி, ஒஸ்லோவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் நிரூபித்த முறை இது. கைக்குழந்தைக்கே எலும்பு வைத்துவிடலாம் என்று 1950களில் தகட்டோடு கைகோத்து வந்த பழைய முறை முகத்தை ஒடுக்கிக் கைவிடப்பட்டது. அதே வேலையைப் பத்து வயதில் செய்தால் முகவளர்ச்சிக்குக் கெடுதி பெரிதாக இல்லை, ஏனென்றால் மேல்தாடையின் முன்பகுதி அதற்குள் பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடும்.

இந்த வயதுதான் நமது ஊரில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வயது. பரீட்சை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெற்றவர்கள் சொல்வது எனக்கு விளங்காமலில்லை. தோட்டத்திலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுபோகக்கூடிய வாசல் அது ஒன்றுதான் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதற்குள் உதட்டுத் தழும்பும் மங்கிவிட்டிருக்கும், கிளினிக் கொப்பி எங்கே என்று தேடவேண்டியிருக்கும். பல் மட்டும் தன் பாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும், எலும்பில்லாத பக்கமாக. பாடசாலைக்கு வரும் பல் சிகிச்சையாளர் நான்காம் தரத்தில் அந்தப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கும்போது, தைத்த உதடுள்ள பிள்ளைக்கு மட்டும் சொத்தைப் பல்லை எண்ணுவதோடு நிறுத்தாமல், வேட்டைப்பல் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு எக்ஸ்ரேக்குப் பதுளைக்குத் துண்டு எழுதிக்கொடுத்தால், பரீட்சைக்கு முன்னுள்ள டிசம்பர் விடுமுறையிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.